உறைகடல் பஞ்சும் எங்க வார்டு கிருமியும்: டார்வினோலைடு பற்றித் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்

வார்டு_விளக்கு

எல்லாருக்கும் வணக்கம். எலும்பு முறிவு வார்டுல ஸ்டாஃப் நர்ஸா பதினாறு வருஷம் ஆச்சு. இங்க வாசிச்சிட்டுப் போறதோட சரி, எழுதுறது இதுதான் முதல் தடவை.

எங்க வார்டுல ஒரு அண்ணாச்சி இருக்காரு. பைக் விபத்துல தொடை எலும்பு முறிஞ்சு உள்ள ராடு வச்சது. ரெண்டு மாசம் கழிச்சு தையல் போட்ட இடத்துல சீழ். கல்ச்சர்ல எம்.ஆர்.எஸ்.ஏ. வந்துச்சு, அதான் பல மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி. வான்கோமைசின் ஏத்தினோம். காய்ச்சல் நின்னுது, புண்ணு மூடுச்சு, வீட்டுக்குப் போனாரு. நாப்பது நாள்ல அதே இடத்துல திரும்பவும் சீழ். மறுபடி அட்மிஷன்.

அவரு மக காலேஜ்ல படிக்கிற புள்ள. வாட்ஸ்அப்ல வந்த ஒரு செய்தியக் காட்டுச்சு. "அண்டார்டிகா கடற்பாசி, மருந்துக்கு அடங்காத கிருமியில 98 சதவீதத்தைக் கொல்லுது"ன்னு போட்டிருந்துச்சு. மூலக்கூறு பேரு டார்வினோலைடு. "அக்கா, இது எங்க கிடைக்கும்? எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல"ன்னு கேட்டுச்சு. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. பொய்ச் செய்தின்னு தள்ளவும் மனசு வரல, நம்பிக்கை குடுக்கவும் பயம்.

இது நிஜமா? நிஜம்னா ஏன் இன்னும் எங்க மருந்து டிரேல வரல?

---

பாம்பன்_வாத்தியார்

சிஸ்டர், வேதியியல் விவரத்தைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் விலங்கியல் வாத்தியார், ஒரு சொல்லை மட்டும் திருத்திவிடுகிறேன். அது கடற்பாசி இல்லை, கடற்பஞ்சு. கடற்பாசி என்பது எங்கள் ஊர்ப் பெண்கள் முங்கி எடுத்துக் காயவைத்து விற்பது. நோன்பு நேரத்தில் பாலில் காய்ச்சிக் கட்டியாக்கிச் சாப்பிடுகிறோமே, அந்த அகரும் அதிலிருந்து வருவதுதான். கடற்பஞ்சு விலங்கு. பள்ளிப் புத்தகத்தில் துளையுடலி என்று வரும். வாய் கிடையாது, குடல் கிடையாது, நரம்பு கிடையாது. உடம்பெல்லாம் துளை. ஒரு பக்கம் நீரை இழுத்து, அதிலிருக்கும் பாக்டீரியாவை வடிகட்டித் தின்று, மறுபக்கம் நீரை வெளியே விடும்.

பல செய்திகளில் இரண்டும் குழம்பிக் கிடக்கிறது. அந்தப் பிள்ளை "கடற்பாசி" என்று தேடினால் ஜெல்லி செய்முறைதான் கிடைக்கும்.

---

சேர்மம்

செய்தி பொய் இல்லை, அக்கா. ஆனால் நடுவில் நிறைய விட்டுப்போயிருக்கிறது. இயற்கைச் சேர்மங்களில்தான் நான் முனைவர் பட்டம் செய்தேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

அண்டார்டிகத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், ஆன்வர்ஸ் தீவில், அமெரிக்காவின் பால்மர் நிலையம் இருக்கிறது. அங்கே முக்குளித்து எடுத்த ஒரு மஞ்சள் நிறப் பஞ்சின் பெயர் டென்ட்ரில்லா. பழைய கட்டுரைகளில் டென்ட்ரில்லா மெம்ப்ரனோசா என்று இருக்கும், இப்போது டென்ட்ரில்லா அண்டார்டிகா என்கிறார்கள். தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பில் பேக்கர் குழு அதைச் சாறெடுத்துப் பிரித்தது. அதே பல்கலைக்கழகத்தின் லிண்ட்சே ஷா குழு கிருமிச் சோதனை செய்தது. 2016-ல் கட்டுரை வந்தது. டார்வினோலைடு ஒரு டைடெர்பீன். 20 கார்பன் சட்டகத்தில் வளையங்கள் இடம் மாறி அமைந்த ஒரு வடிவம், அதுவரை யாரும் பார்க்காதது.

இதில் முக்கியமான சங்கதி உயிர்ப்படலம். உங்கள் அண்ணாச்சியின் ராடு மேல் இருப்பதும் அதுதான். ஸ்டஃபைலோகாக்கஸ் தனித்தனியாக ரத்தத்தில் மிதக்கும்போது ஒரு பிறவி, உலோகத்தில் ஒட்டிக் கூட்டமாகக் குடியேறிய பிறகு வேறு பிறவி. சர்க்கரையும் புரதமும் டி.என்.ஏ.வும் கலந்த கோழையைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். அடியில் இருப்பவை வளர்வதையே நிறுத்தி முடங்கிக் கிடக்கும். பெரும்பாலான மருந்துகள் வளரும் கிருமியைத்தான் அடிக்கின்றன. சுவர் கட்டிக்கொண்டிருக்கும் கிருமியின் கையைப் பிடிப்பது வான்கோமைசினின் வேலை. கட்டுவதையே நிறுத்திவிட்டுத் தூங்குபவனை அது என்ன செய்யும்?

டார்வினோலைடில் கணக்கு தலைகீழ். மிதக்கும் எம்.ஆர்.எஸ்.ஏ.வைத் தடுக்க 132.9 மைக்ரோமோலார் (கரைசலில் மூலக்கூறின் செறிவைச் சொல்லும் அலகு) தேவைப்பட்டது, படலத்தில் இருப்பதற்கு 33.2 போதும். படலத்தின் மீது நான்கு மடங்கு கூர்மை. இப்படிப்பட்ட மூலக்கூறு அபூர்வம். பாலூட்டி செல்கள் மீது நச்சும் குறைவாகவே இருந்தது. அந்த "98 சதவீதம்" இந்தப் படலச் சோதனையில் வந்த எண்தான், 98.4.

---

நுண்ணோக்கி

மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். சேர்மம் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்த 98.4-ஐ எங்கள் துறையில் எப்படிப் படிப்போம் என்பதையும் சகோதரி தெரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சுவழக்கில் 98 பெரிய எண். பரீட்சையில் 98 வாங்கினால் கொண்டாட்டம். கிருமிக் கணக்கு அப்படி இல்லை. ஒரு ராடு மேல் 1 கோடி பாக்டீரியா இருப்பதாக வைத்துக்கொள்வோம். 98.4 சதவீதம் செத்தால் மீதி 1,60,000. அவை பெருகி மறுபடி கோடியைத் தொட ஓர் இரவு போதும். ஒரு மருந்தை "கொல்லி" என்று எங்கள் அறிக்கையில் எழுத வேண்டுமானால் குறைந்தது 99.9 சதவீதம் சாக வேண்டும். அதாவது ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சலாம்.

அடுத்தது அளவு. வான்கோமைசினுக்கு அடங்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்று சொல்ல உச்சவரம்பு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம். அந்த மூலக்கூறு பெரியது, அதனால் மோலார் கணக்கில் சுமார் 1.4 மைக்ரோமோலார்தான். டார்வினோலைடுக்கு 132.9 தேவைப்படுகிறது என்றால், மிதக்கும் கிருமியின் மீது அது ஏறக்குறைய நூறு மடங்கு பலவீனம். படலத்தின் மீதான 33.2 கூட ரத்தத்தில் எட்டிப் பிடிக்க எளிதான அளவு அல்ல. இதெல்லாம் பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் செய்த சோதனை. ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் இப்படிப்பட்ட எண்ணெய்ப் பசையுள்ள மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அப்போது கையில் மிஞ்சுவது இன்னும் குறையும்.

அந்தப் பெண்ணிடம் "இது எங்கும் கிடைக்காது அம்மா" என்று சொல்லிவிடுங்கள். நாளை ஒருவன் "அண்டார்டிகா பஞ்சுத் தூள்" என்று இணையத்தில் எதையாவது விற்பான். அதைத்தான் நான் பயப்படுகிறேன்.

---

சேர்மம்

நுண்ணோக்கி சாருடைய கணக்கை அப்படியே ஏற்கிறேன். ஆனால் முதல் மூலக்கூறைக் கடைசி மருந்தோடு ஒப்பிட்டால் எதுவுமே தேறாது. வேதியியலில் இதற்கு ஒரு முறை உண்டு. இயற்கை கொடுத்த சட்டகத்தை எடுத்து, ஒரு மூலையை மாற்றி, மறுபடி சோதிப்பது. அதைச் செய்தும் இருக்கிறார்கள். 2020-ல் பேக்கர் குழு அதே டென்ட்ரில்லாவிலிருந்து 11 சேர்மங்களை வரிசையாகச் சோதித்தது. சில பஞ்சு தந்தவை, சில ஆய்வகத்தில் மாற்றியவை. அவற்றில் சில எம்.ஆர்.எஸ்.ஏ. படலத்தின் மீது வேலை செய்தன. டெட்ராஹைட்ரோஅப்லிசல்ஃபியூரின்-1 என்ற இன்னொன்று லீஷ்மேனியா டோனோவானியை ஒற்றை இலக்க மைக்ரோமோலாரிலேயே அடக்கியது. பீகார் கிராமங்களில் காலா அசார் என்று சொல்லும் நோயின் ஒட்டுண்ணி அது.

ஒரே பஞ்சு, ஒரே குடும்பத்துச் சட்டகம், சிறு மாற்றங்கள். ஒன்று பாக்டீரியாப் படலத்தின் மீது பாய்கிறது, ஒன்று ஒட்டுண்ணியின் மீது. எனக்கு 98.4-ஐவிட இதுதான் பெரிய செய்தி.

---

பாம்பன்_வாத்தியார்

எனக்கு அடிப்படைச் சந்தேகம் ஒன்று. பவளப்பாறையில் பஞ்சைக் கொறிக்கும் மீன்கள் ஏராளம். அங்கே நஞ்சு வேண்டும் என்பது புரிகிறது. உறைபனிக் கடலில் அந்த மாதிரி மீன்கள் இல்லையே. பின் எதற்கு இவ்வளவு செலவு செய்து டைடெர்பீன் சமைக்கிறது? இரை குறைவான இடத்தில் ஒவ்வொரு கார்பனுக்கும் கணக்கு இருக்குமே.

---

வடகடல்

வாத்தியார் ஐயா, நல்ல கேள்வி. இது எனக்குப் பிடிச்ச இடம், கொஞ்சம் நீட்டிக் கதைக்கிறன், குறை நினைக்காதேங்கோ. நான் வடக்கு நோர்வேயில இருக்கிறன். அப்பா 80-களில ஃபின்மார்க்கில மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நான் கடல் உயிரியல் படிச்சு அந்தத் துறையிலயே நிண்டிட்டன்.

நீங்கள் சொன்னதைத்தான் கனகாலம் எல்லாரும் நம்பினவை. வெப்பக் கடலில நஞ்சு கூட, துருவத்துக்குப் போகப் போகக் குறையும் எண்டு. அதை உடைச்சவர்களில முக்கியமானவர் அலபாமா பல்கலைக்கழகத்து பர்மிங்ஹாம் வளாகத்தின்ர ஜேம்ஸ் மக்ளின்டாக். 1980-களிலயே அண்டார்டிகாவின்ர மக்மர்டோ பக்கம் பஞ்சுகளை எடுத்துச் சோதிச்சார். தண்ணி அங்க மைனஸ் 1.8 டிகிரி, அதுக்கு மேல குளிர்ந்தால் கடல் உறைஞ்சிடும்.

அங்க மீன் கொறிக்கிறது குறைவுதான். ஆனால் நட்சத்திர மீன் இருக்கு. பால் டேட்டன் ஆக்கள் 1974-ல எழுதின ஆய்வில இது வடிவா விளங்கும். மைக்கேலே அசெராட்டா எண்ட பஞ்சு கெதியா வளர்ந்து மற்றப் பஞ்சுகளை மூடிப்போடும். பெர்க்னாஸ்டர் எண்ட நட்சத்திர மீன் அதையே தேடித் தின்னும். அது இல்லாட்டி அடித்தளம் முழுக்க மைக்கேலேயாத்தான் கிடக்கும். நட்சத்திர மீன் வயித்தை வெளியில தள்ளிப் பஞ்சின்ர மேற்பரப்பிலயே செமிக்கிற சாதி. அப்ப பாதுகாப்பு எங்க வேணும்? தோலில. லாட்ருங்குலியா எண்ட பச்சைப் பஞ்சில டிஸ்கோராப்டின்-ஜி வெளிப்பக்கத்துச் சில மில்லிமீட்டருக்குள்ளதான் செறிஞ்சு கிடக்கு. ஆழத்தில குறைவு. கதவில மட்டும் பூட்டுப் போடுற கணக்கு.

பால்மர் பக்கம் வந்தால் எதிரி வேறை. ஆம்பிபாட் எண்ட சின்ன இறால் சாதி, பழுப்புக் கடற்பாசிக் காட்டுக்குள்ள சதுர மீட்டருக்கு லட்சக்கணக்கில இருக்கும். இஞ்ச இன்னொரு சங்கதி. டென்ட்ரில்லாவுக்கு முள் கிடையாது. மற்றப் பஞ்சுகளில கண்ணாடி ஊசி மாதிரிச் சிலிக்கா முள் இருக்கும். டென்ட்ரில்லாவில வெறும் நார் மட்டும்தான். ஆயுதம் இல்லாதவன் கையில நஞ்சு இருக்கிறது எனக்கு ஆச்சரியமில்லை.

இசோடிக்டியா எரினேசியா எண்டொரு பஞ்சு செய்யிற வேலை இன்னும் விசேஷம். அதில எரிபுசினோன் எண்டொரு சேர்மம். அது ஆம்பிபாட் தோலுரிக்கிறதையே நிப்பாட்டிப்போடும். தோல் உரிக்காட்டி அது வளராது, செத்துப்போகும். 

இதோட கிருமியும் இருக்கு. பஞ்சு நாள் முழுக்கத் தண்ணி இறைக்கிற பிராணி. மேற்பரப்பில டயட்டம் எண்ட நுண்பாசியும் பாக்டீரியாவும் ஒட்டிப் படலம் போட்டால் துளை அடைபடும், பட்டினிதான். படலத்தைக் கலைக்கிற வேலை பஞ்சுக்குத் தன்ர மூச்சு மாதிரி. டார்வினோலைடைப் பஞ்சு அதுக்காகத்தான் வச்சிருக்கெண்டு நான் சொல்லமாட்டன், ஆம்பிபாட்டுக்காகவும் இருக்கலாம். ஆனால் படலத்தைத் துளைக்கிற மூலக்கூறைத் தேடுறதெண்டால் நான் பஞ்சிட்டத்தான் முதலில போவன்.

---

வார்டு_விளக்கு

துளை அடைபட்டா பட்டினின்னு நீங்க சொன்னதும் எனக்கு கதீட்டர் ஞாபகம் வந்துச்சு தம்பி. நாங்களும் அதோடதான் மல்லுக்கட்டுறோம். உள்ள வழவழன்னு ஒரு படிவு, அப்புறம் அடைப்பு, அப்புறம் காய்ச்சல்.

---

வடகடல்

ஓமக்கா, அதேதான். கப்பல்காரருக்கும் அதே தொல்லை. எங்கட பக்கத்து ஜியோடியா பரெட்டி எண்ட பஞ்சைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும். ஃபியோர்டுகளிலயும் ஆழக் கடலிலயும் சில டிகிரிக் குளிரில இருக்கிறது, வெள்ளைப் பந்து மாதிரி. உப்சாலாவில 1986-ல அதிலயிருந்து பரெட்டின் எண்ட சேர்மத்தைப் பிரிச்சினம். புரோமின் ஏறின டிரிப்டோஃபானும் ஆர்ஜினினும் சேர்ந்த சின்ன வளையம். கப்பலடியில ஒட்டுற கொட்டலசு எண்ட பிராணியின்ர குஞ்சுகள் வந்து ஒட்டுறதை 1 மைக்ரோமோலாருக்கும் குறைஞ்ச அளவிலயே தடுக்குது. அதைவிட முக்கியம், குஞ்சைக் கொல்லேல்லை. நல்ல தண்ணிக்கு மாத்தினால் திரும்ப ஒட்டும். பெயின்டில கலந்து கடலிலயும் இறக்கிப் பாத்தவை, ஒட்டுறது குறைஞ்சது.

கொல்லாமல் ஒட்டவிடாமல் பண்ணுறது. மருத்துவத்திலயும் இப்பிடி யோசிக்கலாம் எண்டு எனக்குப் படுது. கொல்லப் போனால்தான் தப்பிப் பிழைச்சது எதிர்ப்போட வளரும்.

---

நுண்ணோக்கி

வடகடல் சொன்ன கடைசி வரி எங்கள் துறையில் நிறையப் பேசப்படுவது. கொட்டலசு வேறு, ஸ்டஃபைலோகாக்கஸ் வேறு, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ முடியாது. ஆனால் பூச்சாகப் பயன்படுத்தும் யோசனையில் ஒரு நன்மை உண்டு. நான் முன்பு சொன்ன ரத்த அளவுப் பிரச்சினை அங்கே வராது. ராடின் மேலோ கதீட்டரின் உள்ளோ பூசினால், தேவையான இடத்தில் 33 அல்ல, 300 மைக்ரோமோலார்கூட இருக்கலாம். டார்வினோலைடு போன்றவற்றுக்கு வழி திறந்தால் அந்தப் பக்கம்தான் திறக்கும் என்று நினைக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் என் முதல் பதிவின் கடுமையைக் குறைத்துக்கொள்கிறேன்.

---

முதுகலை_மாணவி

எல்லாரும் அருமையா விளக்குறீங்க. என் கேள்வி சின்னதுதான். அண்டார்டிகாவுல இவ்வளவு பஞ்சு இருக்குல்ல, அள்ளிட்டு வந்து மருந்து தயாரிச்சா என்ன?

---

சேர்மம்

தங்கச்சி, இந்தக் கேள்விக்கு நியூசிலாந்து ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. ஹாலிகாண்ட்ரின்-பி என்ற புற்றுநோய் எதிர்ப்புச் சேர்மத்தை 1986-ல் ஜப்பானியப் பஞ்சில் ஹிராட்டாவும் உமுராவும் கண்டுபிடித்தார்கள். அதே சேர்மம் நியூசிலாந்தின் கைகோரா கடலோரத்தில் ஆழத்தில் வாழும் லிசோடென்டோரிக்ஸ் பஞ்சிலும் இருந்தது. சோதனைக்குப் போதுமான சரக்கு வேண்டும் என்று 1 டன் பஞ்சை அங்கே வாரி எடுத்தார்கள். கிடைத்தது சுமார் 310 மில்லிகிராம். ஏறக்குறைய ஒரு சிட்டிகை உப்பு அளவுதான். அந்த ஊர்ப் பஞ்சுக் கூட்டம் மொத்தத்தையும் வாரினாலும் உலக நோயாளிகளுக்குக் காணாது.

கரை சேர்த்தது ஆய்வக வேதியியல். 1992-ல் ஹார்வர்டில் கிஷி குழு அந்த மூலக்கூறை முழுதாகக் கட்டியது. கட்டும்போதுதான் பாதி மூலக்கூறே வேலையைச் செய்கிறது என்பது தெரிந்தது. அந்தப் பாதியிலிருந்து எரிபுலின் வந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2010-ல். பஞ்சைக் கண்டதிலிருந்து 24 வருஷம்.

டார்வினோலைடுக்கும் முதல் படி ஏறியாகிவிட்டது. 2019-ல் பெர்லின் ஃப்ரீ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்ட்மன் குழு அதை முழுதாகத் தொகுத்தது. இனி ஒரு துண்டுப் பஞ்சுகூட வெட்டாமல் மாற்று வடிவங்களைச் செய்து பார்க்கலாம். ஆய்வகத் தொகுப்பு கிராம் கணக்கில் வரும், கிலோ கணக்கில் வர வேறு பாடு. நான் வேலை செய்வது அந்தப் பாடு படும் இடத்தில்தான், அதனால் அதன் அருமை தெரியும்.

---

வடகடல்

அள்ளுறது பற்றி நானும் ஒண்டு சொல்லவேணும். இஞ்ச வட அத்திலாந்திக்கில ஜியோடியா கூட்டமாக் கிடக்கிற இடத்தை ஃபாரோ மீனவர் "ஒஸ்தூர்" எண்ணுவினம். சீஸ் எண்டு அர்த்தம். இழுவலையில பந்து பந்தா சீஸ் மாதிரி ஏறும், வலை கிழியும், தூக்கி எறிவினம். எறிஞ்சது திரும்பக் கடலடியில ஒட்டிப் பிழைக்காது. ஒரு தரம் வலை போன இடம் பல பத்தாண்டு வெறுமையாக் கிடக்கும். பேர்கன் பல்கலைக்கழகத்து ஹான்ஸ் டோரே ராப் தலைமையில 2016 தொடக்கம் ஸ்பாஞ்சஸ் எண்ட பெரிய ஐரோப்பியத் திட்டம் இந்தப் பஞ்சுத் தரைகளைத்தான் ஆராய்ஞ்சது. மனுசன் 2020-ல இறந்துபோனார். இந்தத் துறைக்குப் பெரிய இழப்பு.

ஆனால் குளிர்கடல் பஞ்சு எப்பவும் ஆமை வேகத்திலதான் வளருமெண்டு எடுத்துக்கொள்ளவும் கூடாது. அண்டார்டிகாவில லார்சன்-ஏ பனித்தட்டு 1995-ல உடைஞ்சது. மேல வெளிச்சம் வந்து உணவு இறங்கத் தொடங்கின பிறகு, 2007-க்கும் 2011-க்கும் இடையில கண்ணாடிப் பஞ்சுகளின்ர எண்ணிக்கை மூண்டு மடங்காச்சு. ஒருத்தரும் எதிர்பாக்கேல்லை.

---

பாம்பன்_வாத்தியார்

அண்டார்டிகாவில் எடுப்பதற்கே அனுமதி வேண்டும், மாணவி. 1991 மாட்ரிட் உடன்படிக்கைப்படி அங்கே உயிரினங்களைத் தன்னிஷ்டத்துக்கு எடுக்க முடியாது. ஆராய்ச்சிக்குச் சில துண்டுகள் என்றால் சரி, வாணிபத்துக்கு டன் கணக்கில் என்றால் நடக்காது. நடக்கவும் கூடாது.

இன்னொன்று. டார்வினோலைடு போன்ற டெர்பீனைச் சமைப்பது பஞ்சா, பஞ்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவா? பாக்டீரியா என்றால் சாடியில் வளர்த்துவிடலாமே.

---

சேர்மம்

ஐயா, இதில் துறையே இரண்டு பக்கமாக நின்றது. ஜியோடியா போன்ற பஞ்சுகளில் உடலின் மூன்றில் ஒரு பங்கு வரை பாக்டீரியாவாக இருக்கும். வெப்பக் கடலின் தியோனெல்லா பஞ்சில் கிடைத்த பல சேர்மங்களைச் செய்வது என்டோதியோனெல்லா என்ற பாக்டீரியாதான் என்று 2014-ல் பீல் குழு காட்டியது. ஆனால் அந்தப் பாக்டீரியா சாடியில் வளர மறுக்கிறது. வீட்டை விட்டு வெளியே வராத விருந்தாளி.

டெர்பீன் விஷயத்தில் காற்று மறுபக்கம் திரும்பியது. 2023-ல் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் பிராட்லி மூர் குழு, சில பஞ்சுகளின் சொந்த மரபணுத் தொகுதியிலேயே டெர்பீன் செய்யும் நொதிகள் இருப்பதைக் காட்டியது. அவை டென்ட்ரில்லா அல்ல, வேறு வரிசைப் பஞ்சுகள். ஆனாலும் வாசல் தெரிந்துவிட்டது. மரபணு கிடைத்தால் ஈஸ்ட்டுக்குள் போட்டு வளர்க்கலாம். மலேரியா மருந்தான ஆர்டிமிசினினுக்கு மூலப்பொருளை ஈஸ்ட்டில் செய்ததுபோல.

பாக்டீரியாவை வளர்த்ததும் உண்டு. அண்டார்டிகாவின் டெர்ரா நோவா விரிகுடாவில் எடுத்த பஞ்சுகளிலிருந்து இத்தாலியர்கள் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். அவற்றில் பல பர்க்ஹோல்டேரியாவின் வளர்ச்சியைத் தடுத்தன. தொடாமலே, வெளிவிடும் ஆவியால் தடுத்தவையும் உண்டு. நுரையீரலில் சளி கட்டும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளைப் படுத்தும் கிருமி அது. அதற்கு அடங்கும் மருந்துகள் மிகக் குறைவு.

---

வார்டு_விளக்கு

பர்க்ஹோல்டேரியான்னதும் கேக்கணும்னு தோணுது. எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்காவது வான்கோமைசின், லினிசோலிட்னு ஏதோ இருக்கு. எங்க ஐ.சி.யூ.வுல சிஸ்டர்மாரு பயப்படுறது க்ளெப்சியெல்லாவுக்கும் அசினெட்டோபேக்டருக்கும்தான். கோலிஸ்டின்ங்கிற கடைசி மருந்து வரைக்கும் போயிருதாங்க. அதுக்குப் பஞ்சுல ஒண்ணும் இல்லையா?

---

நுண்ணோக்கி

சகோதரி, வேதனையான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக உலகளாவிய கணக்கு சொல்கிறது. அதில் எம்.ஆர்.எஸ்.ஏ.வின் பங்கு 1 லட்சத்துக்கு மேல். நீங்கள் சொன்ன இரண்டும் கிராம்-நெகட்டிவ் வகை. அவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. டார்வினோலைடு போன்ற கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள் அந்தச் சவ்வைக் கடக்கத் திணறும், கடந்தாலும் உள்ளிருக்கும் பம்புகள் வெளியே தள்ளிவிடும். கடலில் கிடைத்த சேர்மங்களில் பெரும்பாலானவை கிராம்-பாசிட்டிவ் கிருமிகளோடு நின்றுவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கடற்பஞ்சிலிருந்து பிறந்த பாக்டீரியா எதிர்ப்பு மருந்து ஒன்றுகூட இன்னும் சந்தைக்கு வரவில்லை. பஞ்சு வழி வந்தவை சைட்டராபின், விடராபின், எரிபுலின். முதலாவதும் மூன்றாவதும் புற்றுநோய்க்கு, இரண்டாவது வைரஸுக்கு.

ஆனால் கடலைக் கைவிட வேண்டாம். நீங்கள் தினமும் கலக்கி ஏற்றும் செஃப்ட்ரையாக்சோனின் பூர்வீகம் கடலோரம்தான். சார்டினியாத் தீவின் காலியாரியில் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் எடுத்த பூஞ்சையில், 1945-ல் புரோட்சு கண்ட சரக்கிலிருந்து வந்த குடும்பம் அது.

அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். ராடு உள்ளே இருக்கும்வரை எந்த மருந்தும் முழுதாகத் தீர்க்காமல் போகலாம். எலும்பு கூடியிருந்தால் ராடை எடுப்பது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் படலத்தின் மீது இன்று நம் கையில் இருப்பவற்றில் ரிஃபாம்பிசின் நல்லது. தனியாகக் கொடுக்கவே கூடாது, சில நாட்களில் எதிர்ப்பு வந்துவிடும். அதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

---

முதுகலை_மாணவி

எனக்கு இந்த இழை மூணு செமஸ்டர் பாடம். ஆய்வுத் தலைப்பு தேடிட்டிருந்தேன். படலச் சோதனை எங்க கல்லூரி ஆய்வகத்துல செய்ய முடியுமா சார்?

---

நுண்ணோக்கி

முடியும். 96 குழித் தட்டு, கிரிஸ்டல் வயலட் சாயம், நிறமானி போதும். ஆனால் சாயம் செத்த கிருமியையும் கோழையையும் சேர்த்தே நிறமேற்றும். அதனால் உயிரோடு எத்தனை மிச்சம் என்று தட்டில் எண்ணிப் பார்க்காமல் முடிவு எழுதாதே. பல கட்டுரைகள் சறுக்குவது அங்கேதான். எம்.ஆர்.எஸ்.ஏ. வேண்டாம், நோய் தராத வகையில் தொடங்கு.

---

வார்டு_விளக்கு

நாலு நாளா டியூட்டி, இப்பதான் வர முடிஞ்சுது.

டாக்டர்கிட்ட பேசினேன். எக்ஸ்-ரேல எலும்பு கூடியிருக்கு. நேத்து காலையில ராடை எடுத்தாச்சு. தியேட்டர் சிஸ்டர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன், கூப்பிட்டுக் காட்டுனாங்க. நடுப்பகுதியில சாம்பலும் மஞ்சளுமா மெல்லிசா ஒரு பூச்சு. கையுறை விரலால தொட்டேன், வழவழன்னு இழுபட்டுச்சு. பதினாறு வருஷத்துல எத்தனையோ ராடு பாத்திருக்கேன், இப்படி உத்துப் பாத்தது இல்ல.

அந்தப் புள்ளகிட்ட உக்காந்து சொன்னேன். செய்தி பொய்யில்ல, ஆனா மருந்து இன்னும் இல்ல, உங்கப்பாவுக்கு இப்ப செய்ய வேண்டியது இதுதான்னு. கேட்டுக்கிடுச்சு. "பஞ்சு எதுக்குக்கா அதைச் செய்யுது?"ன்னு கேட்டுச்சு. வடகடல் தம்பி எழுதுனதை அப்படியே படிச்சுக் காட்டினேன்.

நுண்ணோக்கி சார், ஒரு சந்தேகம். எடுத்த ராடை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கோம். வெறும் ஸ்வாப் எடுத்தாப் போதுமா?

---

நுண்ணோக்கி

போதாது. ஸ்வாபில் மேலே இருப்பதுதான் வரும். ராடை மூடிய கிருமியற்ற டப்பாவில் உப்புக்கரைசலில் போட்டு ஒலியலையால் சில நிமிடம் உலுக்கிவிட்டு, அந்தக் கரைசலைக் கல்ச்சர் போடச் சொல்லுங்கள். சோனிகேஷன் என்று கேட்டால் தெரியும். ரிஃபாம்பிசின் உணர்திறனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

வார்டு_விளக்கு

சரிங்க சார். லேபுக்கு இப்பவே போன் போடுதேன், அந்த டப்பாவை இன்னும் திறக்கலையாம்.